வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை... அதுக்குள்ள புது மாடலா? மியூசிக் கருவி வாங்குவோரின் வயிற்றெரிச்சலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

ஆறு மாதம் சேர்த்த பணம், மீதிக்கு இஎம்ஐ. அப்படித்தான் பலர் முதல் ஆடியோ இன்டர்ஃபேஸையோ சின்தசைசரையோ வாங்குகிறார்கள். அட்டைப்பெட்டி இன்னும் பரண் ஏறியிருக்காது. மூன்றாவது வாரம் யூடியூபைத் திறந்தால், அதே கருவியின் அடுத்த மாடல். விலை கிட்டத்தட்ட அதேதான், வசதி மட்டும் கூடுதல். 'நாலு வாரம் பொறுத்திருந்தா போதுமே' என்று மனசு அடித்துக்கொள்ளும். கடைக்கு போன் போட்டால், "சார், எங்களுக்கே நேத்துதான் தெரியும்" என்பார்கள். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை.

செல்போனில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. வருஷத்துக்கு ஒன்று வரும் என்று தெரிந்தேதான் வாங்குகிறார்கள். இசைக்கருவி விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது? தாத்தா வாங்கிய ஹார்மோனியத்தைப் பேரன் வாசிப்பது இங்கே சாதாரணம். அந்த எதிர்பார்ப்போடுதான் சின்தசைசரையும் பார்க்கிறார்கள். ஆனால் இன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரு கம்ப்யூட்டர். வெளியே மரமும் உலோகமுமாக இருந்தாலும், அது கம்ப்யூட்டரைப் போலத்தான் மூப்படையும்.

முன்னாடியே சொன்னால் என்ன?

'புது மாடல் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்பதுதான் ஏமாந்தவர்களின் முதல் கேள்வி. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வணிக உலகில் ஒரு பெயரே உண்டு: 'ஆஸ்போர்ன் விளைவு'. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஆடம் ஆஸ்போர்ன் சின்ன வயதில் வளர்ந்தது நம் திருவண்ணாமலையில். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் பக்தர், எழுத்தாளர்.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கிய ஆடம், 1981இல் 'ஆஸ்போர்ன் 1' என்ற கம்ப்யூட்டரை 1,795 டாலருக்கு விற்றார். கையில் தூக்கிச் செல்லலாம் என்று சொன்னார்கள். எடை சுமார் 11 கிலோ! ஆனாலும் அமோக விற்பனை. 1983இல், 'இதைவிடச் சிறந்த மாடல் வரப்போகிறது' என்று சரக்கு கடைக்கு வருவதற்கு முன்பே கம்பெனி பேசத் தொடங்கியது. டீலர்கள் பழைய மாடலுக்கான ஆர்டரை ரத்து செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவால். அதே விலைக்குப் பெரிய திரையோடு வந்த கேப்ரோ போன்ற போட்டியாளர்களும் முக்கியக் காரணம் என்பதால், அறிவிப்பு மட்டுமே கம்பெனியைக் கவிழ்த்ததா என்ற வாதம் இன்றும் ஓடுகிறது. ஆனால் மற்ற கம்பெனிகள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: வாயைத் திறக்காதே. (ஆடம் ஆஸ்போர்ன் கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பி, 2003இல் கொடைக்கானலில் காலமானார்.)

கம்பெனி வாயை மூடிக்கொள்வதால் மிச்சமாகும் அதன் நஷ்டம், கடைசியாக வாங்கிய வாடிக்கையாளரின் தலையில் இறங்குகிறது. 'பிசினஸ்னா அப்படித்தான்' என்று இதைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. சில கம்பெனிகள் செய்தும் காட்டியிருக்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

டிசம்பரில் வாங்கினால் ரிஸ்க்

இசைக்கருவி உலகின் பெரிய திருவிழா 'நாம் ஷோ'. 1901இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இசை வணிகர் சங்கம் நடத்துவது. கலிஃபோர்னியாவின் அனாஹைமில், வழக்கமாக ஜனவரியில் நடக்கும். கோவிட் காலத்தில் மாதம் தள்ளிப்போனது தனிக்கதை. ஆண்டின் முக்கிய அறிவிப்புகளில் ஒரு பெரும் பங்கு அந்தச் சில நாட்களையொட்டி வரும். ஆக, கிறிஸ்துமஸ், நியூ இயர் ஆஃபரில் மயங்கி வாங்குபவர்தான் முதலில் மாட்டுகிறார். 'இதுவரை இல்லாத தள்ளுபடி' என்ற விளம்பரத்துக்குச் சில நேரம் 'குடோனைக் காலி செய்கிறோம்' என்று அர்த்தம்.

ஒரு கருவியின் வயதைப் பார்த்தாலும் ஓரளவு யூகிக்கலாம். வீட்டு ஸ்டூடியோக்களில் அதிகம் தென்படும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸை எடுத்துக்கொள்வோம். முதல் தலைமுறை 2011இல் வந்தது. பிறகு 2016, 2019, 2023. இந்த வரிசையைப் பார்த்தவருக்கு, மூன்று வயது தாண்டிய மாடலை முழு விலைக்கு வாங்குவதில் உள்ள ஆபத்து புரிந்துவிடும்.

சரி, 2023க்குச் சற்று முன்பு மூன்றாம் தலைமுறை 2ஐ2 வாங்கியவர் உண்மையில் எதை இழந்தார்? புதியதில் மைக் கெயின் 56 டெசிபலிலிருந்து 69 டெசிபலாக உயர்ந்தது. சத்தத்தின் அளவைத் தானாகவே சரிசெய்யும் வசதியும் சேர்ந்தது. கண்டென்சர் மைக்கில் பாடிப் பதிவு செய்பவருக்கு இந்தக் கூடுதல் கெயின் பெரும்பாலும் தேவையே படாது. பாட்காஸ்ட் செய்வோர் விரும்பும் ஷ்யூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக் வைத்திருப்பவர் நிலைமை வேறு. அதற்குக் குறைந்தது 60 டெசிபல் வேண்டும். அவருக்குப் பழைய மாடல் நிஜமாகவே போதாது. ஆக, புது மாடலின் பத்து அம்சங்களில் நமக்கு வேண்டியது எது என்று பார்த்தால், பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல் அங்கேயே அடங்கிவிடும்.

பணக் கணக்கும் அப்படித்தான். 15,000 ரூபாய்க்கு வாங்கிய கருவியை மூன்று வருஷம் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 14 ரூபாய்க்கும் குறைவு. புது மாடல் வந்ததால் செகண்ட் ஹேண்ட் விலையில் 2,000 ரூபாய் விழுந்தால், நாளுக்கு இரண்டு ரூபாய்கூட வராது. ஒன்றரை லட்ச ரூபாய் சின்தசைசர் என்றால் இந்த ஆறுதல் செல்லாது, அது வேறு.

பழசாவது வேறு, செத்துப்போவது வேறு

புது மாடல் வந்த அன்று உங்கள் கருவியின் ஒலி ஒரு இழைகூட மாறவில்லை. அது வெறும் பழசு. கோபத்தைச் சேமித்து வைக்க வேண்டிய இடம் இன்னொன்று: நன்றாக ஓடும் கருவியை, அதைச் சுற்றியுள்ள மென்பொருளோ ஒயரோ கைவிடும்போது.

2012இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச்சில் மூன்றாம் தலைமுறை ஐபேட் வந்தது. ஏழே மாதத்தில், அக்டோபரில் நான்காவது. அது மட்டும் என்றால் வெறும் எரிச்சலோடு போயிருக்கும். ஆனால் அந்த மாற்றத்தில் பழைய 30 பின் சாக்கெட்டும் போய் 'லைட்னிங்' வந்தது. அலெசிஸ் ஐஓ டாக் போல, ஐபேடை உள்ளே செருகி கிட்டாரையும் மைக்கையும் இணைக்கும் கருவிகளை அப்போதுதான் பலர் வாங்கியிருந்தார்கள். டாக்கில் ஒரு கோளாறும் இல்லை. செருகத்தான் புது ஐபேட் பொருந்தவில்லை.

2019இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் மென்பொருட்களை ஒரேயடியாக நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பழைய பிளகின்கள் அப்டேட் பட்டனை அழுத்திய இரவோடு முடிந்தன. ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் வைத்திருந்தவர்கள் அடாப்டர் மேல் அடாப்டர் போட்டு வண்டி ஓட்டினார்கள். 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோ அந்த ஆதரவையும் எடுத்துவிட்டது. அந்தப் பெட்டிகளில் பல, ஆயிரம் டாலருக்கு மேல் விற்றவை.

இதில் உச்சம் ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் செய்தது. பழைய ஸ்பீக்கர் வைத்திருப்போருக்குப் புதியதில் 30 சதவீதம் தள்ளுபடி என்றது. அதைப் பெற, பழையதை 'ரீசைக்கிள் மோடு'க்கு மாற்ற வேண்டும். 21 நாள் கழித்து அது நிரந்தரமாக உயிரை விடும். யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரை வாடிக்கையாளர் கையாலேயே கொல்ல வைக்கும் திட்டம் என்று 2019 டிசம்பரில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2020 ஜனவரியில், பழைய மாடல்களுக்கு மே மாதத்துக்குப் பிறகு அப்டேட் இல்லை என்ற அறிவிப்பும் வர, கொந்தளிப்பு அதிகமாகி, தலைமைச் செயல் அதிகாரியே மன்னிப்புக் கேட்டார். மார்ச்சில் ரீசைக்கிள் மோடு கைவிடப்பட்டது.

பில் கையில் இருக்கு, சட்டம் என்ன சொல்லுது?

பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'முறையற்ற வணிக நடைமுறை' என்கிறது. பில்லில் போட்டிருக்கும் காலத்துக்குள், எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் இது பழுதான பொருளுக்குத்தான். புது மாடல் வந்தது பழுது ஆகாது. அதே நேரம், பழைய அல்லது ரீகண்டிஷன் செய்த சரக்கைப் 'புதுசு' என்று சொல்லி விற்றிருந்தால் அது தனிக் குற்றச்சாட்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப உரிமை உண்டு. இங்கே அப்படிப் பொதுவான உரிமை இல்லை. கடையின் ரிட்டர்ன் பாலிசிதான் எல்லாம். அதை வாங்குவதற்கு முன்பு படிப்பவர்கள் குறைவு.

சட்டம் கட்டாயப்படுத்தாததைச் சிலர் தாங்களாகவே செய்திருக்கிறார்கள். 2007 ஜூன் இறுதியில் 599 டாலருக்கு வந்த முதல் ஐபோன், செப்டம்பரில் 399 டாலராகக் குறைந்தது. முதலில் வாங்கியவர்கள் கொதித்ததும், ஸ்டீவ் ஜாப்ஸ் அவர்களுக்கு 100 டாலர் ஸ்டோர் கிரெடிட் கொடுத்தார். 2023 நவம்பரில் 'லைவ் 12' மென்பொருளை அறிவித்த ஏபிள்டன், அன்று முதல் லைவ் 11 வாங்குபவர்களுக்குப் புதியது வந்ததும் இலவசம் என்றது. பழைய பதிப்பின் விலையையும் குறைத்தது. ஆஸ்போர்னைக் கவிழ்த்ததாகச் சொல்லப்படும் அதே முன்கூட்டிய அறிவிப்பு, இந்த ஏற்பாட்டால் யாரையும் கவிழ்க்கவில்லை. எஃப்எல் ஸ்டூடியோ ஒருபடி மேல்: ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம்.

ஹார்டுவேரில் இது கஷ்டம்தான், பெட்டியை இன்டர்நெட்டில் அனுப்ப முடியாது. ஆனாலும் 2015இல் 'புஷ் 2' கருவியைக் கொண்டுவந்தபோது, பழைய புஷ்ஷைத் திருப்பித் தருவோருக்கு 30 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது அதே ஏபிள்டன். திரும்ப வந்தவற்றைச் சரிசெய்து, இளையோருக்கு இசை கற்றுத்தரும் திட்டங்களுக்குக் கொடுத்தது. சோனோஸ் கொடுத்ததும் இதே 30 சதவீதம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒருவரின் நஷ்டம், இன்னொருவரின் டிரம்

1983 ஜனவரி நாம் ஷோவில், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் சின்தசைசர்களை ஒரு ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் பாடியது. அதுதான் 'மிடி'. அதே ஆண்டு யமஹாவின் டிஎக்ஸ்7, மிடியோடும் டிஜிட்டல் ஒலியோடும் 2,000 டாலருக்குள் வந்தது. இரண்டு வருஷம் முன்பு 5,000 டாலருக்கு மேல் கொடுத்து ரோலண்ட் ஜூபிடர்-8 வாங்கியவரின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். அதில் மிடியே கிடையாது.

ரோலண்டின் டிஆர்-808 டிரம் மெஷினுக்கும் அதே கதி. நிஜ டிரம் போலக் கேட்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983இல் தயாரிப்பு நின்றது. பேஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்த டிபி-303 அடுத்த ஆண்டே நிறுத்தம். இரண்டும் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. புதுசு வாங்க வசதியில்லாத இளைஞர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' பிறந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 303இலிருந்துதான். ஹிப்ஹாப்பின் அடித்தளமே 808 ஆனது. ஜூபிடர்-8 இன்று அன்றைய விலையைப் போலச் சில மடங்குக்குக் கைமாறுகிறது.

எல்லாப் பழைய பெட்டியும் பொக்கிஷமாகும் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலானவை பரணில்தான் முடியும். ஆனால் பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்களுக்கு, புது மாடல் அறிவிப்பு வந்த அடுத்த சில வாரங்கள்தான் கொண்டாட்டம். மேம்படுத்திக்கொள்ளத் துடிப்பவர்கள் பழையதைத் தள்ளிவிடுவார்கள், கடைக்காரரும் பேரத்துக்கு இறங்கி வருவார். காசைக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று: கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்குக் கடைசியாக டிரைவர் எப்போது வந்தது, இப்போது உங்கள் லேப்டாப்பில் ஓடும் விண்டோஸுக்கோ மேக் ஓஎஸுக்கோ அது பொருந்துமா? கடைசி டிரைவர் நாலைந்து வருஷத்துக்கு முந்தையது என்றால், கம்ப்யூட்டரோடு இணைக்காமலேயே இயங்கும் கருவியாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.