வண்டி ஏன் ஊஞ்சலாடுகிறது?

திருச்சியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில், திருவெறும்பூரில், ஒரு சிறு குன்றின்மீது எறும்பீசர் கோவில் கொண்டிருக்கிறார். தேவர்கள் எறும்பு வடிவெடுத்து வழிபட வந்தபோது லிங்கத் திருமேனி வழுவழுப்பாயிருந்தபடியால், ஏறுவதற்குப் பிடிப்புக் கிடைக்கவில்லையாம். இறைவன் மனமிரங்கிப் புற்று மண்ணாய்ச் சொரசொரப்பாகிச் சற்றுச் சாய்ந்தும் கொடுத்தார் என்பது தல வரலாறு. பிடிப்பின்றி நடை இல்லை என்னும் இந்த உண்மை, அக்குன்றின் அடியில் நாள்தோறும் விரையும் மோட்டார் வண்டிகளுக்கும் பொருந்தும்.

1960-களில் பாரத மிகுமின் தொழிற்சாலை இவ்வட்டாரத்துக்கு வந்தது முதல், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவரேனும் இங்கே உண்டு. ஆயினும், "வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்று சொன்ன மாத்திரத்தில், "ஸ்பிரிங் போய்விட்டது" என்று தீர்ப்பளித்து விடுவோர் பலர். பெரும்பாலும் ஸ்பிரிங் நிரபராதி. குற்றவாளி அதன் பக்கத்திலேயே இருக்கிறான்.

நம் பாட்டனார் ஏறிச் சென்ற வில் வண்டியைச் சற்று நினைத்துப் பாருங்கள். அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்காக இருக்கும். பட்டறைக்காரர்கள் அதைக் கமான் பட்டை என்பார்கள். கோச்சு வண்டிக்கு இத்தகைய வில்லைப் பொருத்தும் முறைக்கு ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். பள்ளத்தின் அடியைத் தான் வாங்கிக் கொள்வது வில்லின் வேலை. ஆனால் வாங்கியதை அது வைத்துக் கொள்வதில்லை. உடனே திருப்பிக் கொடுத்து விடுகிறது. அமுங்கிய வண்டி எழும்புகிறது. எழும்பியது மறுபடியும் அமுங்குகிறது. கூடத்து ஊஞ்சலை ஒரு தரம் தள்ளிவிட்டால் நெடுநேரம் ஆடுவதைப் போலத்தான். ஊஞ்சல் நிற்க வேண்டுமானால் யாரேனும் தரையில் காலை ஊன்ற வேண்டும். வில் வண்டியில் பட்டையோடு பட்டை உராய்வதே அந்தக் காலின் வேலையைச் செய்தது. மோட்டாரின் வேகத்துக்கு அது போதவில்லை. ஆகவே ஷாக் அப்ஸார்பர் வந்தது.

அதற்குள் மாயம் ஒன்றுமில்லை. எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய். அதனுள் சிறு துவாரங்களுள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது, எண்ணெய் அத்துவாரங்களின் வழியே நெருக்கியடித்துக் கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாகிக் காற்றில் கலந்து விடுகிறது. ஸீல் தேய்ந்து எண்ணெய் கசிந்து போனால், ஊன்றிய காலை எடுத்துவிட்ட கதைதான்.

"ஆடினால் என்ன, தொட்டில் போல் சுகமாய்த்தானே இருக்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. துள்ளுகிற சக்கரம் சாலையை அழுத்திப் பிடிப்பதில்லை. பிடிக்காத சக்கரம் பிரேக்குக்கும் கட்டுப்படாது, ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாது. குழந்தையொன்று குறுக்கே ஓடிவரும் சமயத்தில், நிற்க வேண்டிய இடத்துக்குச் சில கஜம் அப்பால் போய் வண்டி நிற்கும். அந்தச் சில கஜத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நோயைக் கண்டுபிடிக்க வீட்டு வாசலே போதும். முதலில், வண்டி ஓடிச் சூடேறுமுன் டயரின் காற்றை அளந்து பாருங்கள்; மிதமிஞ்சிய காற்றும் துள்ளச் செய்யும். உரிய அளவு பெரும்பாலும் டிரைவர் பக்கத்துக் கதவு நிலையில் ஒட்டப்பட்டிருக்கும். பிறகு நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக இரண்டு மூன்று தடவை பலமாக அமுக்கிக் கையை எடுத்து விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் குணம். மேலும் மேலும் ஆடினால் அந்த மூலையின் அப்ஸார்பர் ஓய்ந்துவிட்டது. பாதி தேய்ந்தது இந்தப் பரீட்சையில் தேறிவிடுவதுண்டு. ஆகையால் குனிந்தும் பார்க்க வேண்டும். குழாயின்மேல் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருக்கிறதா? டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதா? இவை சாட்சிகள். வண்டியின் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் மாத்திரம் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள்.

இனி வைத்தியம். 2019 வரை தயாரான மாருதி ஆம்னியின் பின்புறத்தில் கமான் பட்டை வேறு, அப்ஸார்பர் வேறு. இத்தகைய வண்டிகளில் பின்னதை வீட்டிலேயே மாற்றலாம். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தைத் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பது கூடாது. அச்சு திடீரென்று இறங்காதபடி அதற்கும் தாங்கல் கொடுத்துப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கேறிச் சீக்கிரம் கிழியும். ஒரு பக்கம்தான் கெட்டதென்றாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது முறை. ஒரு கால் வலுத்து ஒரு கால் சோர்ந்தால் நடை நேராக இராது அல்லவா?

ஒரு எச்சரிக்கை. இக்காலத்துக் கார்கள் பலவற்றின் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங்கும் அப்ஸார்பரும் ஒரே தூணாகப் பிணைந்திருக்கின்றன. அங்கே ஸ்பிரிங் பல நூறு கிலோ விசையோடு அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. உரிய கருவியின்றி மேல் நட்டைக் கழற்றினால், அம்பு விட்டாற்போல் பாய்ந்து ஆளையே மாய்த்துவிடும். அந்த வேலையைத் தேர்ந்த பட்டறையிடம் விட்டு, முடிந்தபின் சக்கர நேர்மையையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போகுமுன் நான்கு மூலைகளையும் நீங்களே ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுச் செல்வது நலம். எந்த மூலை ஆடுகிறது என்று சொல்லத் தெரிந்தவரிடம் நான்கு ஸ்பிரிங்குக்கும் பில் போட எவரும் எளிதில் துணிய மாட்டார்கள்.