சாம்பார் மஞ்சள் ஏன் போதாது?
திருவனந்தபுரத்துக் கரமனை அக்ரஹாரத்துச் சாம்பாரில் தினமும் மஞ்சள் உண்டு. புற்றுநோய்க்கு அது போதாதா? போதாது. மஞ்சளில் வேலை செய்யும் சரக்கான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான்; அதுவும் தண்ணீரில் லேசில் கரையாது. குடலைத் தாண்டும் சொற்பத்தையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லைக் கொல்லும் சரக்கு, உடம்பில் கட்டியை எட்டுவது அபூர்வம்.

பக்கத்திலேயே, பூஜப்புரையிலுள்ள ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் ரூபி ஜான் ஆன்டோவின் குழு இதற்கு வழி தேடியது. கரையும் தையல் நூலில் பயன்படும் பி.எல்.ஜி.ஏ. வகைப் பாலிமரை நானோ துகளாக்கி, உள்ளே குர்குமினை அடைத்தார்கள். மேலே ஃபோலிக் அமிலம். ஏன்? வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஃபோலேட் வேண்டும். பல புற்றுச் செல்கள் அதைப் பிடிக்கும் ஏற்பிகளை மேலே நிறைய வைத்திருக்கும். விலாசம் எழுதிய உறை மாதிரி துகள் அங்கே போய் ஒட்ட, செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாலிமர் மெல்லச் சிதைய, மருந்து கசியும். 2017இல் வெளியான ஆய்வில் இத்துகள் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தின் வீரியத்தைக் கூட்டியது. எலிகளில்தான்.

குர்குமின் போலவே பாக்லிடாக்சலும் தாவரச் சரக்குதான், பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்தது! அதை அல்புமின் புரதத்தோடு சேர்த்த, சுமார் 130 நானோமீட்டர் துகள் மருந்துக்கு 2005இல் அமெரிக்கா மார்பகப் புற்றுக்காக அனுமதி தந்தது. குர்குமின் துகள் இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை. மருந்துக்கடையில் விற்கும் மஞ்சள் மாத்திரை இந்தத் துகள் அல்ல.