கரையான் எறும்பு இனம் அல்ல

ராபர்ட்சன்பேட்டையில் கோடை மழை விட்ட மாலையில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல், அதாவது சிறகு முளைத்த கரையான், மொய்க்கும்; அதே மழைக்குச் சாக்கடையிலிருந்து கரப்பானும் வீட்டுக்குள் ஏறிவரும். இரண்டும் ஒரே குடும்பம் என்றால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். புற்று, கூட்டம், உழைப்பு என்று பார்த்துக் கரையானை எறும்போடு சேர்த்தே பழகிவிட்டோம். ஆனால் ஓர் ஈசலைப் பிடித்து உற்றுப் பாருங்கள். எறும்புக்குள்ள ஒடுங்கிய இடுப்பு அதற்கு இல்லை. எறும்பின் உணர்கொம்பு நடுவில் மடிந்திருக்கும். ஈசலுடையது மணி கோத்ததுபோல இருக்கும். எறும்புக் குஞ்சு காலில்லாத புழு, கூட்டுப்புழுவான பிறகே எறும்பாகிறது. கரையான் குஞ்சும் கரப்பான் குஞ்சும் முட்டையைவிட்டு வரும்போதே ஆறு காலோடு வந்து, தோலுரித்துத் தோலுரித்து வளர்கின்றன.

உருவ ஒற்றுமை ஏமாற்றலாம் என்பது நியாயமான ஐயம்தான். ஆகவே வயிற்றுக்குள் போவோம். மக்கும் மரத்துக்குள் வாழும் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பானின் குடலில், மரத்தைச் செரிக்க உதவும் ஒருசெல் உயிரிகள் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் கிளீவ்லாண்ட் 1934இல் விரிவாக எழுதினார். அவற்றின் நெருங்கிய சொந்தங்கள் கரையானின் குடலில் இருக்கின்றன. வட ஆஸ்திரேலியாவின் மாஸ்டோடெர்மெஸ் கரையான் இன்றும் கரப்பானைப் போலவே முட்டைகளை இரு வரிசையாக ஒட்டிச் சேர்த்து இடுகிறது. 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, கரையான் கரப்பான் கிளைக்குள்ளேயே அடங்குகிறது என்றார்கள்.

அப்படியானால் தனித்துத் திரியும் கரப்பானுக்கு ராஜா, ராணி, சிப்பாய் எங்கிருந்து வந்தன? விடை அந்தக் குடலிலேயே இருக்கிறது. தோலுரிக்கும்போது கரையான் தன் குடல் உயிரிகளை இழந்துவிடும். கூட இருப்பவற்றின் கழிவை உண்டுதான் திரும்பப் பெற முடியும். கிரிப்டோசெர்கஸ் பெற்றோரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பிரியாமல் வளர்க்கின்றன. கூட்டு வாழ்க்கை இந்தத் தேவையிலிருந்து வளர்ந்திருக்கலாம் என்பதே எனக்கு வலுவான விளக்கமாகப் படுகிறது. இங்குள்ள செம்மண்ணில் புற்றெழுப்பும் ஓடோன்டோடெர்மெஸ் என்ற கரையானின் குடலில் அந்த உயிரிகள் இல்லையே என்று கேட்கலாம். பிற்காலக் கிளையான அது அவற்றைக் கைவிட்டு, புற்றுக்குள் காளான் பயிரிடக் கற்றுக்கொண்டது. அந்தத் தோட்டத்தில் களைக்காளான் தலைகாட்டினால், வாசனையால் கண்டுபிடித்து மண்ணிட்டு மூடுவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் காட்டியிருக்கிறார்கள். தொழில் மாறினால் வம்சம் மாறிவிடாது. பிள்ளைகளின் பாடநூலில் கரையானுக்கு ஐசாப்டெரா என்று தனி வரிசை இன்னும் இருந்தால், அதை அடித்துவிட்டுக் கரப்பானின் வரிசையான பிளாட்டோடியாவில் சேர்த்து எழுதிக்கொடுங்கள்.