பச்சோந்தி கூண்டுக்கு எந்தத் தரை பெஸ்ட்? 'ஒண்ணுமே போடாதீங்க' என்பது ஏன்? பெண் பச்சோந்திக்கு மட்டும் மண் ஏன் அவசியம்?

செல்லப்பிராணியாகப் பச்சோந்தி வளர்ப்பவர்கள் கூண்டு, விளக்கு, செடி என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். கடைசியில், "அடியில சும்மா விட்டா நல்லாவா இருக்கும்?" என்று மரப்பட்டைத் துண்டுகளையோ கலர் மணலையோ கொட்டிவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது இங்கேதான். மரக்கிளையிலேயே வாழும் பச்சோந்திக்குத் தரையால் என்ன ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

நாக்குதான் காரணம்!

உலகம் முழுவதும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பச்சோந்திகளில் ஒன்று 'வெய்ல்டு கேமிலியன்'. ஏமனும் சவுதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் இதன் சொந்த ஊர். தலையில் கொண்டை வைத்த மாதிரி இருப்பதால் சுலபமாக அடையாளம் காணலாம்.

எல்லாப் பச்சோந்திகளையும் போல இதுவும் நாக்கை அம்பு மாதிரி எய்துதான் இரையைப் பிடிக்கும். நாக்கின் நீளம் உடலைவிட அதிகம். நுனியில் பசை போன்ற எச்சில் இருக்கும். தரையில் ஓடும் சில்வண்டைக் குறிவைத்து நாக்கை வீசினால், பூச்சியோடு சேர்த்து அங்கே கிடக்கும் மணல், பட்டைத் துண்டு, சிறு கல் எல்லாமே ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போய்விடும்.

ஒருமுறை போனால் மலத்தோடு வெளியேறலாம். அடிக்கடி போனால் குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இரை எடுக்காமல் இருப்பது, மலம் கழிக்காமல் இருப்பது, வயிறு உப்பியிருப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றிப்போனால் உயிருக்கே ஆபத்து.

எதையெல்லாம் போடக்கூடாது?

* மரப்பட்டைத் துண்டு, சிறு கூழாங்கல், வால்நட் ஓட்டுத் தூள்: விழுங்கினால் குடலை அடைக்கும்.

* 'கால்சியம் மணல்': செரித்துவிடும் என்று சொல்லி விற்கப்படுகிறது. ஆனால் வயிற்றுக்குள் கட்டியாகி அடைத்துக்கொள்ளும் ஆபத்து இதிலும் உண்டு.

* தேவதாரு, பைன் மரத்தூள்: இவற்றின் வாசனை எண்ணெய், ஊர்வனவற்றின் நுரையீரலுக்கு ஆகாது.

* செயற்கைப் புல், கார்பெட்: நகம் மாட்டிக்கொள்ளும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கிருமிகளை வளர்க்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பச்சோந்தி பொதுவாகக் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. இலையில் நிற்கும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் கூண்டுக்குள் அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும். அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் மண்ணிலோ பட்டையிலோ தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். தப்பிய பூச்சிகளும் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

அப்போ எதுதான் சரி?

பதில் சிம்பிள்: ஒண்ணுமே வேண்டாம். துடைக்கத் தோதான வழவழப்பான தளம், தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டை, அடியில் ஒரு தட்டு. இவ்வளவு போதும். ஏதாவது விரித்தே ஆக வேண்டும் என்றால் டிஷ்யூ பேப்பரோ பழைய நியூஸ் பேப்பரோ போடலாம். நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். எச்சம் தெளிவாகத் தெரியும் என்பதால் உடல்நிலையையும் கண்காணிக்க முடியும்.

கூண்டுக்குள் வைக்கும் செடித்தொட்டியிலும் கவனம் தேவை. கடையில் விற்கும் தொட்டி மண்ணில் உரமும் வெள்ளை வெள்ளையான பெர்லைட் துகள்களும் கலந்திருக்கும். உரம் கலக்காத மண்ணைப் போட்டு, பச்சோந்தியின் தலையைவிடப் பெரிய கற்களால் மேல்பகுதியை மூடிவிட வேண்டும்.

பெண் பச்சோந்தி என்றால் கதையே வேறு!

'தரையில் எதுவும் வேண்டாம்' என்ற விதியை அப்படியே பிடித்துக்கொண்டால், பெண் பச்சோந்தியின் உயிரே போகலாம். காரணம், வெய்ல்டு இனத்தில் ஆண் துணையே இல்லாவிட்டாலும் பெண் முட்டையிடும். வீட்டுக் கோழி சேவல் இல்லாமல் முட்டையிடுவது போலத்தான் இதுவும். ஒரே ஈட்டில் சில டஜன் முட்டைகள்கூட வரலாம்.

இந்த முட்டைகளை அது கிளையில் இடாது. கீழே இறங்கி, மண்ணைத் தோண்டி, சுரங்கம் போட்டுத்தான் இடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே தேக்கிவைத்துக்கொள்ளும். இந்த 'முட்டை அடைப்பு' உயிரைப் பறிக்கக்கூடியது. "ஒத்தையாதானே வளர்க்கிறோம், முட்டை எப்படி வரும்?" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தீர்வு என்ன?

கூண்டு முழுக்க மண் கொட்டத் தேவையில்லை. ஒரு அடி ஆழம் மண் கொள்ளும் தொட்டி ஒன்று போதும். கழுவிய மணலையும் உரம் கலக்காத மண்ணையும் கலந்து, விரலால் குழி போட்டால் சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்தி நிரப்ப வேண்டும். வளர்ந்த பெண் பச்சோந்தியின் கூண்டில் இது எப்போதும் இருப்பது நல்லது. இரையை மட்டும் தொட்டிப் பக்கம் விடாமல், உயரத்தில் ஒரு கிண்ணத்தில் வைக்க வேண்டும்.

பச்சோந்தி திடீரென இரை எடுப்பதைக் குறைத்து, கீழே இறங்கி அலைந்து, தரையைப் பிறாண்டினால் முட்டையிடத் தயாராகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எட்டி எட்டிப் பார்க்கக் கூடாது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தோண்டுவதைப் பாதியில் விட்டுவிடும். கூண்டைத் துணியால் மூடிவிடுவது நல்லது.

முட்டையிடாமலே சோர்ந்து, கண் குழிவிழுந்து, தரையிலேயே படுத்துக் கிடந்தால் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நம்ம ஊர்ப் பச்சோந்தியை வளர்க்கலாமா?

கூடவே கூடாது. தமிழ்நாட்டில் காணப்படும் இந்தியப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெய்ல்டு போன்ற வெளிநாட்டுப் பச்சோந்திகள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2024-இல் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நம்ம ஊர்ப் பச்சோந்தியும் முட்டையிட மரத்தைவிட்டு இறங்கி மண்ணைத் தேடித்தான் வரும். சாலையோரத்தில் ஆடி ஆடி நடந்து போகும் ஒன்றைப் பார்த்தால், பாவம் என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி, அது போகிற பக்கமே போக விடுங்கள். அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.