விண்கல்லின் துண்டுகள் யாருக்கு உரியன?

வானிலிருந்து விழும் கற்களுக்கும் உலகில் ஒரு சந்தை உண்டு. அதிலே மிகவும் விரும்பித் தேடப்படுபவை, கல்லும் இரும்பும் ஒருசேரக் கலந்த விண்கற்களாகும். விழுவதைக் கண்டு மீட்கப்படும் விண்கற்களுள் இவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே உள்ளன.

இவற்றுள் பெயர்பெற்ற வகை பல்லசைற் எனப்படும். ஜேர்மனிய அறிஞரான பீற்றர் பல்லஸ் 1772ஆம் ஆண்டில், சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் பகுதியில் கண்ட ஒரு பெருந்திணிவினாலேயே அப்பெயர் ஏற்பட்டது. சுமார் 700 கிலோகிராம் எடையுள்ள அதனைக் கொல்லர் ஒருவர் மலையொன்றில் கண்டெடுத்திருந்தார். நிக்கல் கலந்த இரும்பினுள்ளே மஞ்சட்பச்சை நிற ஒலிவின் பளிங்குகள் பதிந்திருந்தன. எமது இரத்தினக்கல் வணிகர்கள் பெரிடொட் என்பதும் இதே கனிமமே. 1794இல் ஏர்ன்ஸ்ற் சிலாட்னி, இது எரிமலையிலோ உலையிலோ உருவாகியிருக்க முடியாது, விண்ணிலிருந்தே வந்தது என வாதிட்டபோது பலர் நகைத்தனர். 1803இல் பிரான்சின் லேகிள் என்னும் ஊரில் பட்டப்பகலில் ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்த பின்னரே அந்நகைப்பு அடங்கிற்று.

இவை சிறுகோள்களின் உலோகமும் பாறையும் கலந்த பகுதிகளிலிருந்து சிதறியவை. மெல்லிய தகடாக அறுத்து ஒளியில் பிடித்தால் வண்ணக் கண்ணாடிச் சாளரம் போல் துலங்கும். அந்த அழகே அவற்றுக்கு வினையாயிற்று. சீனாவில் 2000ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள பூகாங் கல்லும், ஆர்ஜென்ரீனாவில் 1951இல் ஒரு விவசாயி கண்டெடுத்த எஸ்குவெல் கல்லும் வெளிநாடு சென்று துண்டுகளாகிச் சேகரிப்பாளர்களைச் சென்றடைந்தன. ஈரலிப்பான காலநிலையில் இத்துண்டுகள் துருப்பிடிப்பது வேறு விடயம்.

சேகரிப்பாளர் அனைவரையும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. அமெரிக்காவின் கன்சாஸில் எலிசா கிம்பர்லி என்ற விவசாயப் பெண், அயலவர் ஏளனம் செய்தபோதும் வயலிற் கிடந்த கருங்கற்களைப் பல ஆண்டுகள் சேர்த்துவைத்தார். 1890இல் பேராசிரியர் ஒருவர் வந்து அவற்றை விலைகொடுத்து வாங்கினார். பிரென்ஹாம் விண்கல் அறிவியலுக்குக் கிடைத்தது அப்பெண்ணின் பிடிவாதத்தினாலேயே.

ஆயினும் கண்டெடுத்த இடத்தின் பதிவின்றிக் கைமாறும் துண்டு, ஆய்வாளருக்குப் பாதிப் பயனே தரும். ஒரு பகுதியேனும் அருங்காட்சியகத்துக்கு ஒப்படைக்கப்பட்ட பின்னரே மீதி விற்கப்பட வேண்டும் என்பது எமது கருத்து. ஆர்ஜென்ரீனா இதிலும் ஒருபடி மேலே சென்று, தன் மண்ணில் விழும் விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்து எனச் சட்டமியற்றியது. அது 2007ஆம் ஆண்டில். எஸ்குவெல் கல் நாட்டை விட்டுப் போய் ஒரு தசாப்தத்துக்கும் மேலான பின்னர்.