கொடிக்குப் பின்னால் மூன்று நாள்

தென்கொரியாவுக்குத் தெற்கே கடலில் கிடக்கிறது ஜெஜு தீவு. எரிமலை கக்கிய குழம்பு இறுகி உண்டான நிலம். நடுவில் 1,947 மீட்டர் உயரத்தில் ஹல்லாசான் மலை. நவம்பர் மாதத்தில் ஒரு குழுச் சுற்றுலாவில் பணம் கட்டி, மூன்று நாள் போய் வந்தேன். அங்கே உழவு எப்படி நடக்குதுன்னு பார்க்கத்தான் ஆசை. ஆனால் பயணப் பட்டியலில் உழவுக்கு இடமே இல்லை.

வழிகாட்டி கையில் ஒரு சின்னக் கொடி. அதுக்குப் பின்னாலேயே நாங்க ஓடணும். கடலோரத்து எரிமலை முகடான சியோங்சான் இல்சுல்போங்குக்கு ஒரு மணி நேரம். 2007-ல் யுனெஸ்கோ உலக இயற்கைப் பாரம்பரியமாக அறிவித்த இடங்களில் அதுவும் ஒன்று. அடுத்தது ஜின்செங் கடை, அழகுசாதனக் கடை. அங்கேயும் ஒவ்வொரு மணி நேரம்! கட்டணம் குறைவா இருக்கேன்னுதான் சேர்ந்தோம். அந்தக் குறைவை இந்தக் கடைகள்தான் ஈடு கட்டுதுன்னு இரண்டாம் நாள்தான் புரிஞ்சது.

உண்மையான ஜெஜு பஸ் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. வயலுக்கு வயல் கறுப்புக் கல் சுவர். கூட வந்த நெல் விவசாயி அண்ணன் கேட்டார்: "தம்பி, சாந்தே பூசல, கல்லுக்குக் கல்லு ஓட்டை தெரியுது. இந்தக் காத்துல எப்படி நிக்குது?" ஓட்டை இருக்கிறதாலதான் நிக்குது. காற்று அதுக்குள்ள புகுந்து வேகம் தணிஞ்சு போகுது. சுவரும் சாயாது, மேல்மண்ணும் பறக்காது. நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிய கல்லையே வரப்பாக்கிட்டாங்க. 'பட்தாம்' என்கிற இந்தச் சுவர்களின் மொத்த நீளம் சுமார் 22,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்காங்க. 2014-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது.

எரிமலை மண்ணில் மழைநீர் நிற்காது, உள்ளே இறங்கிடும். அதனால் நெல் அபூர்வம். பார்லியும் தினையும்தான் பழைய சாப்பாடு. வீட்டுப் பன்றிப்பட்டியில் பார்லி வைக்கோலைப் பரப்பி, மட்கினதும் அள்ளி அதே பார்லி வயலுக்குப் போடுவாங்களாம். பிறகு ஆரஞ்சு வகைத் தோட்டங்கள் வந்தன. ஒரு காலத்தில் சில மரங்களின் காய்ப்பே பிள்ளையைக் கல்லூரியில் படிக்க வைச்சிடும். அதனால அதுக்குப் பேரே 'பல்கலைக்கழக மரம்'!

ஹேன்யோ பெண்களை மேடைக் காட்சியாகப் பார்த்துட்டு வந்தோம். ஆக்சிஜன் இல்லாமல் மூச்சடக்கி, 10 மீட்டர் ஆழம் வரை இறங்கிச் சிப்பி எடுக்கிறவங்க. பலர் பாட்டிமார்கள். முட்டையிடும் காலத்தில் எடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடும் வெச்சிருக்காங்க. கடலுக்குப் போகாத நாளில் வயல் வேலை. அந்தப் பாதியை எங்களுக்கு யாரும் காட்டலை.

இன்னொன்றும் சொல்லலை. சுமார் ஆறேமுக்கால் லட்சம் பேர் வாழுற தீவுக்கு, ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் சுற்றுலா வர்றாங்க. குடிநீர் ஏறக்குறைய முழுக்க நிலத்தடி நீர். மேற்குப் பகுதியில் ரசாயன உரமும் பன்றிப் பண்ணைக் கழிவும் இறங்கி, அந்த நீரில் நைட்ரேட் கூடியிருக்கு. இந்தக் கூட்டத்துக்காக இரண்டாவது விமான நிலையம் கட்ட 2015-ல் தேர்ந்தெடுத்த இடம், நாங்க படம் எடுத்து மகிழ்ந்த அதே சியோங்சான் பகுதி. வேணும்னு சொல்றவங்களும் உண்டு. ஆனால் வயலும் ஊரும் போகும்னு பலர் ஆண்டுக்கணக்கா எதிர்த்துக்கிட்டு இருக்காங்க. போன பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிச்சேன்.

நீங்க போறதா இருந்தா, பணம் கட்டும் முன்னாடி கேளுங்க: எத்தனை கடையில் நிறுத்துவீங்க? கிராமத்தில் தங்க முடியுமா? வயல் ஓரமாப் போகிற 'ஓல்லே' நடைபாதையில் அரை நாளாவது விடுவீங்களா? இல்லைன்னா, நாலு பேராச் சேர்ந்து தனியாப் போறதே மேல்.

கடைசி நாள், கடைக்குள்ள போகாம நானும் அண்ணனும் பின்பக்கம் போனோம். சுவருக்கு அந்தப் பக்கம் கேரட் வயலில் ஒரு பாட்டி களை எடுத்துக்கிட்டிருந்தாங்க. மொழி தெரியாது. அண்ணன் தன் காய்ச்ச கையைக் காட்டினார். பாட்டி சிரிச்சு, பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தாங்க. காசு நீட்டினோம், வாங்கலை.

மூன்று நாளில் ஓர் உழவர் கையிலிருந்து நேரா நாங்க வாங்கினது அது மட்டும்தான். எங்க பணம் அவங்க கைக்கு ஒரு காசு கூடப் போகலை.