சர்க்கரைப் பட்டையில் ஒரு நொதி

ரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் கலந்திருக்க, குளுக்கோஸை மட்டும் இனம்பிரித்துக் காண்பதுதான் ரத்தச் சர்க்கரையை அளக்கும் பட்டை என்ற உயிரி உணரியின் உண்மையான சாதனை. மின்சுற்றின் பங்கு அதற்கு அடுத்ததுதான். பட்டையின் நுனியில் உலர்ந்து படிந்திருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, ஏறக்குறைய குளுக்கோஸை மட்டுமே பற்றி, அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்கிறது. 1962-இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லையன்ஸும் முன்வைத்த நொதி மின்முனை, இந்த வினையில் செலவாகும் ஆக்சிஜனை வைத்தே சர்க்கரையைக் கணக்கிட்டது. ஆக்சிஜன் குறைந்தாலோ கணக்கு தடுமாறும். பின்னாளில் ஃபெர்ரோசீன் வகை மூலக்கூறுகள் எலெக்ட்ரான்களை நேரே மின்முனைக்குச் சுமந்து சென்றன. ஒரு சொட்டு ரத்தம் போதும் என்றானது.

ஆய்வகச் சோதனைதான் துல்லியமானது, பிறகு இந்தப் பட்டை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 சதவீத விலகலை ஐஎஸ்ஓ 15197 தரமே அனுமதிக்கிறது. விரலில் ஒட்டிய பழச்சாறுகூட எண்ணை ஏற்றிவிடும், கை கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். ஆனாலும் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சாப்பிட உட்காருமுன் ஓர் எண் வேண்டும். நள்ளிரவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது, மறுநாள் வரும் அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தும் அவருக்கு உதவாது.